இரண்டு முக்கோணமும் நடுவில் ஒரு சூரியனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் இருந்துகொண்டு குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறேன்; அந்தக் கதைகளுக்குப் படமும் நானே வரைகிறேன். மாதத்தில் மூன்று நான்கு நாள் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போவேன். போய்வந்த மறுவாரமே ஒரு கட்டுக் கடிதம் வந்துவிடும். சிலவற்றில் பென்சில் எழுத்தின் மேல் இட்லி மாவு ஒட்டியிருக்கும், சிலவற்றில் எனக்குப் பொட்டு வைத்து ஒரு படம் இருக்கும். எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பேச்சை நான் திருத்தவில்லை.

சார், உங்க சொந்த ஊரு எது?

பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்து ஒரு தேயிலைத் தோட்டத்தில், 1971-இல். வளர்ந்தது இங்கே.

இந்த மலையில் உன் வகுப்பிலேயே பாதிப் பேர் வீட்டில் இந்தக் கதை இருக்கும். தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பார். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்களை யாரும் கூப்பிட்டுக் கேட்காமல் எழுதிய கணக்கு அது. எங்கள் வீடும் அந்தக் கணக்கில் வந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, 1974-இல் நீலகிரிக்கு வந்தோம். எனக்கு மூன்று வயது. கப்பல் எனக்கு நினைவில்லை. அம்மா சொல்லிச் சொல்லி நினைவு மாதிரி ஆகிவிட்டது.

பாட்டி கடைசி வரை வீட்டைக் ‘காம்பரா’ என்றுதான் சொன்னார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம் அவருக்குப் ‘பெரட்டுக்களம்’. என் புத்தகங்களில் இந்தச் சொற்கள் வரும்போது அர்த்தம் எழுதி அடைப்புக்குறிக்குள் போடுவதில்லை. படத்தைப் பார்த்தால் புரிந்துவிடும்.

உங்களுக்கு யாரு வரையக் கத்துக்குடுத்தாங்க?

அப்பா. ஆனால் அவர் ஓவியர் இல்லை.

அவருக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. அப்போது தேயிலையைப் பிளைவுட் பெட்டியில் போட்டு, உள்ளே ஈயத்தாள் வைத்து, குன்னூர் ஏலத்துக்கு அனுப்புவார்கள். பெட்டி மேல் தோட்டத்தின் பெயர், ரகம், எடை எல்லாம் இருக்க வேண்டும். அப்பா ஒரு தகரத்தைப் பெட்டியில் அழுத்திப் பிடித்து, கறுப்பு மையில் தோய்த்த கட்டைப் பிரஷ்ஷால் தட்டுவார். தகரத்தை எடுத்தால் ‘பி.ஓ.பி.’ என்று தேயிலை ரகத்தின் எழுத்து நிற்கும். தகரத்தில் எழுத்து கிடையாது, எழுத்தின் வடிவத்தில் ஓட்டைதான் இருக்கும். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னாலேயே எனக்கு எழுத்து அறிமுகமானது இப்படித்தான்.

உடைந்த பிளைவுட் துண்டுகளை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார், டிரையர் அடுப்பில் மிஞ்சிய கரித்துண்டும் கிடைக்கும். அந்தப் பலகைகளில்தான் கை பழகியது. தாளில் வரைய ஆரம்பித்தபோது அது ரொம்ப வழுக்குவதாகத் தோன்றியது.

எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?

பன்னிரண்டாம் வகுப்போடு சரி. பிறகு கோத்தகிரியில் ஒரு போர்டு எழுதும் கடையில் சேர்ந்தேன். எட்டு வருடம். கடைப் பெயர்ப் பலகை, ஜீப் நம்பர், லாரியின் பின்பக்கத்துக்கு அன்னப்பறவை, தேர்தல் வந்தால் சுவர். மேலே பெயரை எழுதும்போதே கீழே முகவரிக்கு இடம் மிச்சம் வைக்கத் தெரிய வேண்டும். சாலையின் அந்தப் பக்கம் நிற்பவருக்கும் படிக்க வர வேண்டும். எழுத்தும் படமும் ஒரே பலகையில் ஒன்றையொன்று மிதிக்காமல் இருப்பது எப்படி என்று அங்கேதான் படித்தேன். 2000-க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. என்னோடு வேலை பார்த்தவர்களில் ஒருவர்கூட இன்று பிரஷ் பிடிப்பதில்லை. அவர்களில் இரண்டு பேர் என்னைவிட நன்றாக வரைவார்கள்.

குழந்தைகள் புத்தகத்துக்கு எப்படி வந்தீர்கள்?

அறிவொளி இயக்கம் வழியாக. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுக்க மாலை நேரங்களில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த இயக்கம் அது. போஸ்டர் எழுத ஆள் வேண்டும் என்று கடைக்கு வந்தார்கள், நான் போனேன். வகுப்பில் காட்டுவதற்குக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணைப் பெரிதாக வரைந்தேன். எனக்கு அதில் நல்ல பெருமை.

முதல் வரிசையில் இருந்த ஓர் அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, இவ கூடைக் கயித்தத் தோள்ல மாட்டியிருக்கா. இப்படி மாட்டினா கை எப்படிச் செடிக்குப் போகும்? கயிறு தலையில இல்ல வரணும்?” என்றார். ‘அ’ எழுத அன்றுதான் பழகிக்கொண்டிருந்தார் அவர். என் படத்தைப் படித்துப் பிழையும் திருத்திவிட்டார். என் அம்மாவே இருபது வருடம் தலையில் கயிறு மாட்டிப் பறித்தவர். நான் தினமும் பார்த்திருக்கிறேன், ஆனால் கவனித்ததில்லை. அன்று இரவு படத்தைத் திரும்ப வரைந்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் படிக்கிற புத்தகம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிடித்ததுதான்.

எங்கள் பள்ளியில் ‘இயற்கைக் காட்சி’ என்றால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே படத்தைத்தான் வரைகிறார்கள். என்ன செய்யலாம்? (ஓர் ஆசிரியை)

டீச்சர், நீங்கள் சொல்லும் படம் எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு முக்கோண மலை. நடுவில் பாதிச் சூரியன். அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஓட்டு வீடு, பக்கத்தில் சாய்ந்த தென்னை, வானத்தில் நான்கு ‘வி’ பறவை. மதுரையிலும் இந்தப் படம்தான், தஞ்சாவூரிலும் இந்தப் படம்தான். அங்கே இருக்கும் பிள்ளைக்கு மலையைப் பார்க்கக் கிடைக்கவில்லை, புத்தகத்தைப் பார்த்து வரைகிறது. ஆனால் கோத்தகிரியில், சன்னலைத் திறந்தால் மலை இருக்கும் வகுப்பறையில், அந்த மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்பது பிள்ளைகள் முக்கோணம் போடுவதைப் பார்த்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த உயரத்தில் தென்னை வளராது என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். தெரிந்தும் வரைகிறார்கள், ஏனென்றால் ‘படம்’ என்றால் அதுதான் என்று நாம் சொல்லிவைத்திருக்கிறோம்.

நம் மலை முக்கோணம் இல்லை. தோடர்கள் குடியிருக்கும் மந்துப் பக்கம் போனால் புல்வெளி மேடுகள் உருண்டையாக, எருமை முதுகு மாதிரி படுத்திருக்கும். இரண்டு மேடு சேரும் மடிப்பில் மட்டும் கரும்பச்சையாகச் சோலை. தேயிலை மலையில் பறிக்கிறவர்கள் நடக்கும் தடங்கள் கோடு கோடாக ஓடும். கீழ்நோக்கிப் பார்த்தால் இன்னொரு விஷயம் இருக்கிறது: இங்கே மேகம் பல நேரம் நமக்குக் கீழே கிடக்கும். சமவெளிப் பிள்ளை யாருக்கும் கிடைக்காத காட்சி அது. ஒரு பிள்ளைகூட அதை வரைந்து நான் பார்த்ததில்லை, சொல்லிக் கொடுக்கும் வரை.

நான் செய்வதைச் சொல்கிறேன். பென்சிலை வாங்கி வைத்துவிடுவேன். பத்து நிமிடம் எல்லாரும் சன்னலருகில் நின்று, ஒரு விரலைக் காற்றில் நீட்டி, மலையின் விளிம்பை மெதுவாகத் தடவ வேண்டும். எங்கே ஏறுகிறது, எங்கே சட்டென்று விழுகிறது, எங்கே ஒரு யூகலிப்டஸ் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. பிறகு உட்கார்ந்து ஒரே கோடு, அழிரப்பர் கிடையாது. முதல் நாளே நாற்பது பேருக்கும் நாற்பது மலை வந்துவிடும். அழகாக இருக்காது. கோணலாக இருக்கும். தயவுசெய்து திருத்தாதீர்கள், மதிப்பெண்ணும் போடாதீர்கள். யார் கோடு எந்த மலை என்று மற்றப் பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்துவிடுவார்கள்.

என் இரண்டாவது புத்தகத்துக்கு வேலை செய்தபோது, கதை இங்கே நடந்தாலும் “ஒரு தென்னை வையுங்கள், கிராமம் என்று தெரியும்” என்று பதிப்பகத்தில் கேட்டார்கள். நான் வைக்கவில்லை. இரண்டு மாதம் பேச்சு நடந்தது. கடைசியில் தென்னை இல்லாமலே வெளிவந்தது. யாரும் ‘இது எந்த இடம்’ என்று இதுவரை கேட்கவில்லை.

மிஸ்ட்டை எப்படி வரையறீங்க? நான் வெள்ளைப் பெயிண்ட் அடிச்சேன், சுண்ணாம்பு மாதிரி ஆயிடுச்சு.

மிஸ்ட்டை வரையாதே கண்ணு. அப்பாவின் தகரம் மாதிரி, அந்த இடத்தை விட்டுவிடு. தாளின் வெள்ளைதான் மிஸ்ட். முதலில் தாளைச் சுத்தத் தண்ணீரால் நனை. மரத்தின் உச்சியை மட்டும் வண்ணத்தில் தொட்டு வை. கீழே வர வர வண்ணத்தைக் குறைத்து, அடிமரம் வருவதற்குள் வெறும் தண்ணீராக்கிவிடு. மரம் மிஸ்ட்டுக்குள் இறங்கி நிற்கும்.

பச்சைக்கும் ஒன்று சொல்கிறேன். பெட்டியில் வரும் பச்சையை அப்படியே பூசினால் தேயிலை பிளாஸ்டிக் ஆகிவிடும். கொழுந்துக்கு நிறைய மஞ்சளும் ஒரு துளி நீலமும். முற்றின இலைக்கு அதே கலவையில் கொஞ்சம் செம்மண் நிறம். கொழுந்தின் அந்த மினுமினுப்பு அச்சில் முழுதாக வராது, நாலு மையில் அவ்வளவு பளிச்சென்ற பச்சை பிறப்பதில்லை. ஒவ்வொரு புத்தகம் அச்சாகி வரும்போதும் எனக்கு அந்த ஒரு ஏமாற்றம் உண்டு.

ஐப்பசி கார்த்திகையில் கோத்தகிரியில் அடைமழை. காலையில் பூசிய வண்ணம் சாயங்காலம்கூட ஈரமாக இருக்கும், தாளில் பூசணம் பிடிக்கும். தாள் வைக்கும் அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டுத்தான் காப்பாற்றுகிறேன்.

காட்டெருமைக்கு ஏன் வெள்ளை சாக்ஸ் போட்டிருக்கீங்க?

நான் போடவில்லை, அதுவே போட்டிருக்கிறது! முழங்காலுக்குக் கீழே அதற்கு வெள்ளைதான். அடுத்த முறை தேயிலைக் காட்டில் நிற்கும்போது, தூரத்தில் இருந்தே பார். கடாவுக்கு உடம்பு கறுப்பு, தோளில் திமில் மாதிரி எழும்பிய முதுகு. கன்று பிறக்கும்போது வெளிர் பழுப்பாக இருக்கும். பெயரில் எருமை இருந்தாலும் இது மாட்டின் சொந்தம். சங்கப் பாட்டில் ‘ஆமா’ என்று வருவது இதுதான் என்கிறார்கள். ‘ஆ’ என்றால் பசுதானே, பழைய ஆட்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

உங்க கதையில கரடி ஏன் யாரையும் கடிக்க மாட்டேங்குது?

இந்தக் கேள்வியை எழுதிய பிள்ளை, ஆறு மணிக்கு டியூஷன் முடிந்து தேயிலைக் காட்டு வழியாக வீட்டுக்கு நடக்கிற பிள்ளை. அதனால் கவனமாகப் பதில் சொல்கிறேன். கரடி கடிக்கும். பக்கத்தில் போகக் கூடாது, தனியாக இருட்டில் நடக்கக் கூடாது. என் புத்தகத்திலும் கரடி வரும் பக்கத்தில் பிள்ளைகள் வீட்டுக்குள்தான் இருப்பார்கள், கவனித்தாயா? ஆனால் அது நம்மைத் தேடி வருவதில்லை. பழத்துக்கு வருகிறது, கோயில் விளக்கில் மிஞ்சிய எண்ணெய்க்கு வருகிறது. கரடியைக் கட்டிப்பிடிக்கும் பொம்மையாகவும் வரைய மாட்டேன், பல்லைக் காட்டும் பூதமாகவும் வரைய மாட்டேன். பசித்த ஒரு பிராணியாகத்தான் வரைவேன்.

முதல்ல கதையா, படமா?

எனக்கு இடம். பிறகு அந்த இடத்தில் ஒருவர் என்ன செய்கிறார் என்பது. கதையின் வரிகள் கடைசியில்தான் வரும், வந்தவற்றில் பாதியை அடித்துவிடுவேன். படத்தில் மழை பெய்துகொண்டிருந்தால் ‘மழை பெய்தது’ என்று எழுத வேண்டியதில்லை.

உங்க புக்கெல்லாம் ஏன் 16 இல்லேன்னா 24 பக்கம்?

அச்சுக்கூடத்தில் பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து அடித்து, மடித்து, வெட்டுகிறார்கள். ஒரு தாளை மூன்று முறை மடித்தால் 16 பக்கம். வீட்டில் ஒரு தினசரித் தாளை மடித்துப் பார், நானும் அப்படித்தான் கதையைத் திட்டமிடுகிறேன். எட்டின் மடங்காக வைத்தால் தாள் வீணாகாது. 16, 24, 32. தாளைத் திருப்புகிற இடம்தான் கதையில் மூச்சைப் பிடிக்கிற இடம். ‘புதர் அசைந்தது’ வலப்பக்கத்தில் இருந்தால், அசைத்தது யார் என்பது திருப்பிய பிறகுதான் தெரிய வேண்டும். இன்னொன்று: நடு மடிப்பில் யார் முகமும் விழக் கூடாது. என் முதல் புத்தகத்தில் பாட்டியின் மூக்கு பின் அடித்த இடத்தில் போய்விட்டது.

உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர், ஓவியர்?

முடிவெட்டும் கடையில் கிடந்த பழைய அம்புலிமாமாக்கள்தான் என் நூலகம். அதில் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, வாளோடு விக்கிரமன் நடக்கும் படத்தை வரைந்தவர் கே.சி. சிவசங்கர். 1924-இல் பிறந்து 2020-இல் மறைந்தார். மறைவுக்குப் பிறகு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கைக்கு எட்டும் காலத்தில் கொடுத்திருக்கலாம். அந்த ஒரு படத்தை நான் நூறு முறையாவது பார்த்து வரைந்திருப்பேன். பாட்டுக்கு அழ. வள்ளியப்பா. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்காக எழுதியவர், 1950-இல் குழந்தை எழுத்தாளர்களுக்கென்று ஒரு சங்கமே அமைத்தவர். அவர் வரிகளை வாய்விட்டுப் படித்தால் கால் தானாகத் தாளம் போடும். கதை வேகத்துக்கு வாண்டுமாமா.

நம்ம மலையில முன்னாடி ஓவியர்கள் இருந்தாங்களா?

நமக்கு எல்லாம் முன்னால் இருந்தார்கள். கோத்தகிரிக்குக் கீழே கரிக்கையூர்ப் பக்கம் பொறிவரை என்று ஒரு பாறைக் குகை. நூற்றுக்கணக்கான பழங்கால ஓவியங்கள், தமிழ்நாட்டின் பெரிய பாறை ஓவியத் தலங்களில் ஒன்று. வந்துபோனவர்கள் அதன் மேல் தங்கள் பெயரைக் கிறுக்கி நிறையவற்றை அழித்துவிட்டார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது.

வெள்ளரிக்கொம்பை ஊரில் ஆலு குறும்பர் பழங்குடியினர் இன்றும் வரைகிறார்கள். கடை வண்ணம் இல்லாமல், வேங்கை மரத்துப் பிசின், இலைச்சாறு, மண் ஆகியவற்றால், தேன் எடுப்பதையும் விழாவையும் வரைவார்கள். தோடர் பெண்களின் பூத்தையலைப் பார்த்திருப்பாய்: வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும். துணி மேல் முன்கூட்டிக் கோடு வரைந்துகொள்வதே இல்லை, இழையை எண்ணி எண்ணியே தைக்கிறார்கள். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நான் அந்த வடிவங்களை எடுத்து என் புத்தக ஓரத்தில் அலங்காரமாகப் போடுவதில்லை. அது அவர்களுடையது. அவர்கள் பிள்ளைகளே புத்தகம் செய்யும் நாளில் அவர்கள் போடட்டும்.

வெளியிலிருந்து வந்த ஒருவரையும் சொல்ல வேண்டும். 1874-இல், 62 வயதில், ஊட்டிக்கும் குன்னூருக்கும் எட்வர்ட் லியர் என்ற ஆங்கிலேய ஓவியர் வந்திருக்கிறார். இருபது வயதுக்குள் உயிருள்ள கிளிகளைப் பார்த்து வரைந்து பெயர் வாங்கியவர். ஒரு பிரபுவின் வீட்டுப் பிள்ளைகளுக்காகக் கிறுக்கிய வேடிக்கைப் பாட்டுகளையும் படங்களையும் 1846-இல் புத்தகமாக்கினார். அதனால்தான் இன்றும் அவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. குன்னூர்ச் சாலையில் நடக்கும்போது, இந்த வளைவில் அவர் நோட்டைத் திறந்திருப்பாரோ என்று நினைத்துக்கொள்வேன்.

என் மகள் நன்றாக வரைகிறாள். இதை நம்பிப் பிழைக்க முடியுமா? (ஒரு தகப்பனார்)

கணக்கையே எழுதிவிடுகிறேன். விலை 60 ரூபாய், அச்சிட்டது 1,000 பிரதி, நமக்கு 10 சதவீதம் என்றால், எல்லாம் விற்றபின் 6,000 ரூபாய். எழுத்தும் படமும் வேறு வேறு ஆள் என்றால் ஆளுக்கு 3,000. எனக்கு ஒரு புத்தகத்துக்கு நான்கு மாதம் ஆகிறது. ஆகவே, புத்தகத்தை மட்டும் நம்பி எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. பாட நூல்களுக்கு வரைகிறேன், பயிற்சி வகுப்பு எடுக்கிறேன், மனைவி தையல் கடை வைத்திருக்கிறார்.

அதற்காக அவள் பென்சிலைப் பிடுங்கிவிடாதீர்கள் அண்ணா. படிக்கவும் வையுங்கள், வரையவும் விடுங்கள். நாளைக்கு யாராவது படம் கேட்டால் ஒப்பந்தத்தை முழுக்கப் படித்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். இந்தியச் சட்டப்படி ஒரு படத்தின் பதிப்புரிமை வரைந்தவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 வருடம் நிற்கும். ஒரு கையெழுத்தில் அது மொத்தமாகப் போய்விடும். நான் அப்படி இரண்டு புத்தகத்தை இழந்திருக்கிறேன். மூலப்படத்தையும் திரும்பக் கேட்டு வாங்க வேண்டும்.

கம்ப்யூட்டர்ல வரைவீங்களா?

எழுத்து அடுக்கவும் அளவு சரிபார்க்கவும். வரைவது கையால்தான், எனக்கு அதுதான் வருகிறது.

இப்ப என்ன புக்கு செய்யறீங்க?

தேயிலைப் பெட்டி. ஒரு சிறுவன், அவன் அப்பா, ஒரு தகரம். ஒன்பதாம் பக்கத்தில் மூன்று வாரமாக நிற்கிறேன். அப்பா தகரத்தை எந்தக் கையில் பிடித்தார், பிரஷ் எந்தக் கையில் என்று எனக்கு நினைவு வரவில்லை. அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. எழுந்து சுவரோரம் போய், இடது உள்ளங்கையைச் சுவரில் அழுத்திவைத்து, வலது கையால் நான்கு முறை தட்டிக் காட்டினார்.